கத்தி ஆகாத குடும்பம்

அத்தியாயம் பன்னிரண்டு

மழைச் சாலையில் சின்னவனின் ஸ்கூட்டர் வழுக்கியது, தொடை எலும்பு முறிந்தது, அப்பா குடையைக்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தது எல்லாம் போன வாரம் பார்த்தோம். ஓடி வந்தவர் மகனிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வீட்டில் அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசி ஐந்து மாதம் ஆகிறது. சின்னவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்க பக்கத்துல யார் யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். "யாரும் இல்லை" என்றார் அப்பா. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சின்னவன் கேட்டுவிட்டான்: "நாம என்ன மரத்துலேர்ந்தா விழுந்தோம்?" அன்று மூடிய வாய்கள் இரண்டும் திறக்கவில்லை.

நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் பெரியவள். அம்மா போன பிறகு அந்த வீட்டுக்கு அக்காவும் அவள்தான், அம்மாவும் அவள்தான். அம்மா அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். அந்தப் பக்கம் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் கிடையாது. அப்பா பக்கமோ, இருக்கிறதா இல்லையா என்று கேட்கவே கூடாத பக்கம்.

இன்று காலை அவள் வார்டுக்குள் நுழைந்தபோது, சின்னவன் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வாக்கா. துணி காயப் போடற மாதிரி போட்டிருக்காங்க பாரு. கிளிப் மட்டும்தான் பாக்கி."

"வாய்க்கும் ஒரு கட்டுப் போடச் சொல்றேன் இரு."

அவன் சிரித்தான். சிரிப்பு முகத்தில் முடிவதற்குள் வலி வந்து உதட்டைக் கடிக்க வைத்தது. ஜன்னல் ஓரம் நின்ற அப்பா, திரும்பாமலே, தரையில் கிடந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

சற்று நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. அவர் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்ததைப் பெரியவளின் கண் முதலில் பிடித்தது. தொழில் பழக்கம். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பூட்டி, வருகிறவர் காதில் மாட்டிச் சரிபார்க்கிறவள். பதினாலு வருஷமாக ஊரார் காதுகளைத் தொட்டுத் தொட்டு, முகம் மறந்தாலும் காது மறக்காது அவளுக்கு.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. கண்ணாடியை ஒரு நிமிஷம் குடுங்க."

கட்டை விரலால் ஓர் அழுத்து, ஒரு வளைவு. டாக்டர் மாட்டிக்கொண்டு தலையை அசைத்துப் பார்த்தார்.

"அட! ரெண்டு மாசமா தலைவலிக்கு மாத்திரை போட்டுட்டு இருக்கேன்மா நான்."

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தார். ஆஸ்துமா உண்டா, மாத்திரை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, முன்பு ஆபரேஷன் நடந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றான் சின்னவன்.

"குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது ஆகியிருக்கா? ஆபரேஷன் சமயத்துல யாராவது தவறிப் போயிருக்காங்களா?"

இதே போன்ற கேள்வியைத்தான் பெரியவளும் கடையில் தினமும் கேட்கிறாள். 'வீட்ல யாருக்காவது கண் அழுத்தம் உண்டா? அப்பாவுக்கு? அத்தை மாமாவுக்கு?' கேட்டால் ஜனங்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எங்க பெரியம்மாவுக்கு இருந்தது, எங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற கண்ணு என்று. சொல்லத் தெரிந்தவர்களை அவள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பாள்.

"தெரியாதுங்க டாக்டர்" என்றாள்.

"அப்படி யாரும் இல்லை" என்றார் அப்பா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கேள்வியைச் சும்மா கேக்கறதில்லை. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதும் நல்ல பதில்தான். எதுவும் ஞாபகம் வந்தா சொல்லுங்கய்யா. நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் இவரோடதுதான்."

அவர் போய்விட்டார். பெரியவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். இடது காதுக்கு முன்னால், கன்னம் ஆரம்பிக்கிற இடத்தில், ஊசியால் குத்தியது போல ஒரு சின்னத் துளை அவருக்குப் பிறவியிலேயே உண்டு. அதே துளை சின்னவனுக்கும் உண்டு. எதையாவது சொல்லாமல் விழுங்கும்போது அப்பாவின் கட்டை விரல் அந்தத் துளையைத் தடவும். அம்மா செத்த அன்று முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போதும் தடவிக்கொண்டிருந்தார்.

அவரை லிஃப்ட் அருகில் போய்ப் பிடித்தாள். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கால் தானாக அங்கேதான் போய் நிற்கும்.

"கதவு ஒழுங்கா மூட மாட்டேங்குது. காலை வெச்சா நின்னுடும், எடுத்தா இழுக்கும். எவனும் கவனிக்கல" என்றார், அவள் கேட்காமலே.

"அப்பா, அந்த டாக்டர் கேட்டதுக்கு ஏன் அவ்வளவு அவசரமா பதில் சொன்னீங்க?"

"இல்லாததை இல்லைன்னுதான் சொல்ல முடியும்."

"கையை எடுங்க காதிலேர்ந்து."

அவர் கையை இறக்கினார். மகளிடம் பிடிபட்ட வெட்கம் முகத்தில் ஓடியது. கொஞ்ச நேரம் லிஃப்ட் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுவரிடம் சொல்வது போல ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

தனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் என்பதைப் பெரியவள் இந்த வயதில், இந்த லிஃப்ட் வாசலில் தெரிந்துகொள்கிறாள்.

"பத்தொன்பது வயசு. வயித்துல வலின்னு சுருண்டு படுத்தான். குடல்ல சீழ், இன்னைக்கே அறுக்கணும்னு சொன்னாரு டாக்டர். எங்கப்பா மாட்டேன்னுட்டாரு. 'நம்ம குடும்பத்துக்குக் கத்தி ஆகாது'ன்னாரு. எங்க வீட்ல அது ஒரு பேச்சு. தலைமுறை தலைமுறையா வர்ற பேச்சு. எங்க அக்காவும் அவர் பக்கம் நின்னா. நான் கால்ல விழுந்தேன். ரெண்டாம் நாள் அவன் போயிட்டான்."

"அப்பா..."

"என் தம்பியைக் கத்தி கொல்லலைம்மா. பேச்சு கொன்னுச்சு. அன்னைக்கு வெளியே வந்தவன்தான். அந்தப் பேச்சு என் வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு அந்த ஆளுங்களையே விட்டேன். உங்களுக்கு யாரும் இல்லைன்னு சொன்னேன். இன்னைக்கு அந்தம்மா கிட்ட இதைச் சொன்னா என்ன ஆகும்? யோசிப்பாங்க. தள்ளிப் போடுவாங்க. என் பையன் கிடந்து அழுகணுமா? அவனும் கையை விட்டுப் போகணுமா?"

இத்தனை வருஷம் கல் என்று நினைத்திருந்த மனிதர். கல்லுக்குள் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது.

"ஏன் கத்தி ஆகாதாம்? காரணம் என்ன?"

"மூடத்தனத்துக்குக் காரணம் வேறயா?"

"நீங்க கேட்டீங்களா?"

அப்பா லிஃப்ட் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"கேக்கலையாப்பா?"

"கேக்கல" என்றார்.

"அந்த அக்கா, என்னோட அத்தை, இருக்காங்களா?"

"எனக்குச் செத்துட்டா." திரும்பிப் பார்த்தார். "நீ அங்க போகக்கூடாது. போனா, அந்தப் பேச்சையும் சேர்த்துத் தூக்கிட்டு வருவே."

பெரியவள் வார்டுக்குத் திரும்பினாள். அப்பா பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அம்மாவை எடுத்துப் போன அன்று கேட்டருகே நின்றுவிட்டுப் போன ஒரு பெண்மணியை அவள் மறக்கவில்லை. உள்ளே வராமல், அவள் தலையில் ஒரு நொடி கை வைத்துவிட்டு, அப்பா பார்ப்பதற்குள் போய்விட்டவள். காதைப் பார்க்க அன்று நேரமில்லை, முக்காடு போட்டிருந்தாள்.

"டேய், உன்னை யாராவது ஒரு வயசான அம்மா உத்துப் பார்த்திருக்காங்களா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"என்னைப் பார்க்காத பொம்பளை யாருக்கா?"

"விளையாடாதே."

"மேம்பாலத்துக்குக் கீழே பை தைக்கிற கடையில ஒரு அம்மா. ஜிப்பக்கான்னு கூப்பிடுவாங்க. போன வருஷம் என் பைக்கு ஜிப் மாத்தினாங்களே. காசு வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. என் காதையே பார்த்துட்டு இருந்தாங்க. லூசுன்னு நினைச்சேன்."

மேம்பாலத்தின் கீழ், இரண்டு தூண்களுக்கு நடுவே, அலமாரி அளவுக்கு ஒரு கடை. ஆணியில் அறுந்த பைகள், வாய் பிளந்த பெட்டிகள், வார் போன குடைகள். நடுவில் ஒரு தையல் மெஷின். அதன் பின்னால் நரைத்த கொண்டையோடு ஒரு பெண்மணி, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். காதுக்கு முன்னால் அந்தத் துளை.

எதிரே ஸ்டூலில் ஒரு டீச்சர் தன் கைப்பைக்காகக் காத்திருந்தார். "ஜிப்பக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"அவசரமா வேணும்னா வாயைத் தச்சுத் தர்றேன். ஜிப் வேணும்னா பொறு."

பெரியவள் முன்னால் போய் நின்றாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்தச் சிரமத்தை அத்தை வைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான். எந்த 'அவன்' என்று கேட்கக்கூடப் பெரியவளுக்குத் தோன்றவில்லை.

"அப்பா நல்லா இருக்காரு. தம்பிக்குத்தான். நாளைக்குக் காலையில ஆபரேஷன். அத்தை..." அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல் முறையாக வாய் சொன்னது, நாக்குக்கு அது புதுச் செருப்பு போலக் கடித்தது. "நம்ம குடும்பத்துக்குக் கத்தி ஆகாதுன்னு ஏன் சொல்றாங்க?"

அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"கத்தி இல்லைம்மா. கத்தி இல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் உங்க வீட்டு வாசலுக்கு ரெண்டு தடவை வந்தேன். கதவைச் சாத்திட்டான்."

டீச்சர் மெதுவாக எழுந்தார். "அக்கா, பையை நாளைக்கு வாங்கிக்கிறேன். நீங்க பேசுங்க" என்று ஸ்டூலைப் பெரியவள் பக்கம் நகர்த்திவிட்டு, கையிலிருந்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். ஆண்டவன் சில நேரம் இப்படி ஒரு ஸ்டூல் அளவு கருணையைத்தான் அனுப்புகிறான். அதில் உட்காரத் தெரிந்தால் போதும்.

"எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணனுக்குக் குடலிறக்கம்னு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மயக்க மருந்தை மூக்குல வெச்சதும் உடம்பு அடுப்பா கொதிச்சுதாம். கை காலு கட்டை மாதிரி விறைச்சு, தாடையைத் திறக்கவே முடியலையாம். கத்தி தொடறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. தங்கச்சிக்குப் பிரசவம். அறுத்துத்தான் எடுக்கணும்னாங்க. அதே மருந்து, அதே கொதி. குழந்தை பிழைச்சுது, அவ போயிட்டா. எனக்கு அப்போ பத்து வயசு. செத்தா என்கிறது மட்டும்தான் தெரியும். பிள்ளைங்க காதுல இதெல்லாம் விழக்கூடாதுன்னு பெரியவங்க வாயைக் கட்டிக்கிட்டாங்க. கத்தி ஆகாதுன்னு மட்டும் சொல்லி வெச்சாங்க."

"அப்போ சித்தப்பாவுக்கு வேண்டாம்னு சொன்னப்ப, உங்களுக்கு..."

"எனக்கும் தெரியாது. பெரியவர் சொன்னாரு, நான் தலையை ஆட்டினேன். எங்கப்பா சாகிற அன்னைக்குத்தான் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு." அத்தை மெஷின் மேல் கையை ஊன்றினாள். "பயத்தை மட்டும் பரிமாறினாங்க தாயி. காரணத்தைத் தாங்களே முழுங்கிட்டாங்க. அதுல ஒரு பிள்ளை போச்சு. உங்கப்பன் கோபத்துல ரெண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டான்."

பெரியவள் எழுந்தாள். "வாங்கத்தை. நாளைக்குக் காலையிலதான் ஆபரேஷன். இப்பவே போய் டாக்டர்கிட்ட..."

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பஸ் இரைச்சலில் கேட்காமல் போன ஒரு செய்தி அதில் காத்திருந்தது. தம்பி அனுப்பியது.

'அக்கா எனக்குப் புரமோஷன். வேற ஒருத்தருக்குக் காய்ச்சலாம், அவர் இடத்துல என்னை இன்னைக்கே கூப்பிடறாங்க. போனை அப்பாகிட்ட குடுக்கறேன். நம்ப முடியலையா, அவரே வாங்கிக்கிட்டாரு.'

ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். அது பாட்டுப் பாடி, காத்திருக்கச் சொல்லி, மறுபடி பாட்டுப் பாடியது. துண்டித்துவிட்டுத் தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

"ம்" என்றார் அப்பா. பின்னால் சக்கரங்கள் உருளும் சத்தம்.

"அப்பா, எங்கே இருக்கீங்க?"

"லிஃப்ட்டுக்கு நிக்கறோம். கட்டில்ல வெச்சுக் கொண்டு போறாங்க. ஆபரேஷன் ரூம் மேல் மாடியில."

"நிறுத்துங்கப்பா. விடாதீங்க. அந்த டாக்டரைக் கூப்பிடுங்க."

அவர் குரல் இரும்பாக வந்தது.

"அவகிட்ட போயிட்டே இல்ல? அந்தப் பேச்சைத் தூக்கிட்டு வந்துட்டே."

"அப்பா, கேளுங்க..."

"எங்கப்பன் இப்படித்தான் நிறுத்தினாரு. இதே மாதிரி ஆஸ்பத்திரி. நான் நிறுத்த மாட்டேன்."

போனில் மணி அடித்தது. லிஃப்ட் வந்துவிட்டது. கதவு கரகரவென்று திறப்பது அவளுக்குக் கேட்டது. 'சாமி, என் வாய்க்கு அவர் இளக மாட்டார்' என்று உள்ளுக்குள் அலறினாள். அலறிக்கொண்டே போனை அத்தையின் காதில் வைத்தாள்.

அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தம்பி. நான்தான்டா. வெச்சுடாதே." மூச்சு வாங்கியது. "நீ அன்னைக்குச் சொன்னதுதான்டா சரி. கத்தி நமக்கு ஒண்ணும் செய்யாது. அந்த மயக்க மருந்துதான் ஆகாது. மூக்குல வைக்கிறது. பெரியப்பா அதுலதான் போனாரு. அத்தை அதுலதான் போச்சு. உடம்பு கொதிச்சு, தாடை இறுகி. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லலைடா நான். பண்ணட்டும். டாக்டர்கிட்ட இதைச் சொல்லிட்டுப் பண்ணச் சொல்லு. அவ்வளவுதான். நீ சொல்லுடா. உன் வாயால சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ, "பெரியவரே, காலை எடுங்க, கதவு மூடணும்" என்றார்கள்.

மேலே பாலத்தில் லாரி ஒன்று தடதடத்துப் போனது. பெரியவள் அத்தையின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, உங்களைத்தான். காலை எடுங்க."

"எடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. "மயக்க டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. காலையில நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

கதவு இழுப்பதும் நிற்பதும், இழுப்பதும் நிற்பதுமாக இருந்தது. அதற்கு நடுவில், அத்தை முப்பது நாற்பது வருஷமாகக் கேட்காத ஒரு சொல் போனில் வந்தது.

"அக்கா... லிஃப்ட்டை நிறுத்திட்டேன்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சின்னவன் மறுபடி பழைய கட்டிலில், பழைய எடையோடு கிடந்தான். அத்தையைப் பார்த்ததும், "இவங்களா? நான் அன்னைக்கே நினைச்சேன், என் அழகைப் பார்த்து இல்லைன்னு" என்றான். குரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தை அவன் காதோரத் துளையை விரலால் தொட்டாள்.

அத்தையும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்து வெறுப்பு ஒரே நாளில் போய்விடாது. ஆனால் நின்றவளுக்கு நாற்காலி போடலாம்.

டாக்டர் வீட்டுக்குப் போகிற நேரம். கைப்பையைத் தோளில் மாட்டியவர் அதை மறுபடி இறக்கி வைத்துவிட்டு, அத்தை சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். ரத்தத்துலயே வர்றது. மத்த நாள்ல ஒண்ணுமே தெரியாது, ஆள் நல்லா ஓடியாடிட்டு இருப்பாங்க. சில மயக்க மருந்து பட்டாத்தான் விஷமாகும்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நேரா உள்ளே போயிருந்தா..." என்று ஆரம்பித்து, சின்னவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இடுப்புல ஊசி போட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் மரத்துப்போக வெச்சுச் செய்யலாம். ஆபத்துக்குன்னு ஒரு மாற்று மருந்து இருக்கு, அதையும் வரவழைச்சு வெச்சுக்கிட்டுத்தான் தொடுவேன். ரெண்டு நாள் ஆகும். கால் தாங்கும். பயப்படாதீங்க. ஐயா, உங்களையும் உங்க அக்காவையும் மகளையும் கூட அப்புறம் பரிசோதிக்கணும்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், மிகவும் மரியாதையாக, ஒரு சின்ன சந்தேகம் கேட்பவர் போல.

"டாக்டரம்மா, இந்த இடுப்பு ஊசி அந்தக் காலத்துலயும் உண்டா? ஒரு நாற்பது வருஷம் முன்னாடி? வயித்துல ஆபரேஷன்னா அதை வெச்சுச் செஞ்சிருப்பாங்களா?"

அத்தை முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. உண்மை தெரிந்தவரின் மௌனம் அது, பெரியவளுக்குப் புரிந்தது.

"அன்னைக்கு இருந்த டாக்டர் என்ன செஞ்சிருப்பாருன்னு நான் எப்படிய்யா சொல்ல முடியும்?" என்றார் மெதுவாக.

அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. "சரிம்மா. நன்றி" என்று கைகூப்பினார். அந்தக் கைகள் வெகு நேரம் இறங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது காரணத்தைச் சொல்லியிருந்தால், அல்லது யாராவது கேட்டிருந்தால், பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் இன்று தலை நரைத்து இந்த வார்டில் பழப் பையோடு நின்றிருப்பான். சாமி கும்பிடுகிறவளான பெரியவளுக்கும் அந்த நேரத்தில் கும்பிட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

டாக்டர் போன பின்பு அத்தைதான் பேசினாள்.

"இன்னொருத்தன் இருக்கான்."

"யாரு?" என்றான் சின்னவன்.

"அந்தப் பிரசவத்துல பிழைச்ச குழந்தை. ஆம்பிளைப் பிள்ளை. அப்பன் வீட்டு ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் போக்குவரத்தே இல்லை. இப்போ அறுபது வயசு இருக்கும். அம்மா எதுல செத்தான்னு அவனுக்கு யார் சொல்லியிருப்பா? அவன் பிள்ளைங்களுக்கு யார் சொல்லுவா?"

அப்பா நிமிர்ந்தார். "அவனுக்கு இது இருக்காக்கா?" என்று தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பிறந்தப்ப நான் பார்த்தேன்டா. இருந்துச்சு. ரெண்டு காதுலயும்."

பெரியவள் தன் கைகளைப் பார்த்தாள்.

இரண்டு காதிலும். போன வாரம் அவள் கைபட்ட காதுகள். சாம்பல் நிறச் சட்டை போட்ட, பேச்சு குறைவான ஒரு பெரியவர். கண்ணாடியை மாட்டிப் பார்க்கும்போது, 'என் தம்பிக்கும் இப்படி இருக்குங்கய்யா' என்று அவள் சொல்ல, 'எங்க அம்மா வழின்னு சொல்லுவாங்க, நான் அம்மாவைப் பார்த்ததில்லை' என்று அவர் சொன்னார். அம்மாவைப் பார்க்காத மனிதர் என்று அன்று அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது, அதோடு மறந்துவிட்டாள். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். 'கண்ணாடியைச் சீக்கிரம் குடுங்கம்மா. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். படுத்திருக்கும்போது படிக்கலாம்.'

காதில் துளை உள்ளவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இவர் யாரோ. அவர் அம்மா வேறு எதிலோ போயிருக்கலாம். இப்படியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டே கடைக்குப் போன் செய்தாள்.

"கண்ணாடியா? சாயங்காலமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார் முதலாளி. ஷட்டர் இறக்கும் சத்தம் கூடவே கேட்டது. "நாளைக்குக் காலையில அட்மிட் ஆகறாராம்."

"எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னாரா? அவர் பேர், போன் நம்பர்?"

"போன் இல்லை, பேரெல்லாம் எதுக்கு, நானே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரே அன்னைக்கு. உனக்கு முன்னாடிதானே சொன்னாரு? ஆஸ்பத்திரி எதுன்னு நான் கேக்கலைம்மா. நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் போனை இறக்கினாள். மூன்று முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னாள்.

வெளியே விளக்குகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சின்னவன்தான் வாயைத் திறந்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துத் திறந்தான்.

"அப்பா. ஊர்ல எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு? அவர் பேர்கூட நமக்குத் தெரியாது. போய் என்னன்னு கேப்பீங்க?"

அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் காதுக்குப் போகவில்லை.

"ரெண்டு காதுலயும் துளை இருக்கிற ஆள் வந்திருக்காரான்னு கேப்பேன். பைத்தியம்னு சொல்லட்டும்." மகனின் போர்வையை இழுத்து மார்பு வரைக்கும் மூடினார். "கேக்காம விட்டது ஒரு தடவை போதும்டா."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கினார். கீழே இருட்டிக்கொண்டு வந்தது.